சட்டமும் கண்ணோட்டமும்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஊரில் ஒழுங்கு குலையும்போது அதனை மீட்டு நிறுத்தும் பொறுப்பு யாருடையது? ஆட்சியாளருடையதா, அன்றி ஊரவருடையதா? தவறியவனைத் தண்டித்தால் அமையுமா, அன்றித் தவறுக்கு வித்தாய் நின்ற நிலையை மாற்றுதலும் வேண்டுமா? வள்ளுவப் பெருந்தகையார் பொருட்பாலிலே செங்கோன்மை என்னும் அதிகாரத்தை வகுத்து, அதனை அடுத்துக் கொடுங்கோன்மையையும், அதன்பின் வெருவந்த செய்யாமையையும், அதற்கும் அடுத்துக் கண்ணோட்டத்தையும் வைத்தார். இவ்வைப்பு முறையே ஒரு பாடமாகும். நடுவுநிலை தவறாத தண்டம் வேண்டும். அது கொடுமையாகத் திரிதல் ஆகாது. குடிகளை அஞ்சுவித்து ஆளுதல் கூடாது. இவை அனைத்திற்கும் முடிவில், எதிரே நிற்பவன் மனிதன் என்னும் இரக்கம் நீதி செய்வோன் கண்ணில் இருத்தல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும்.

இந்நான்கு அதிகாரங்களின் பொருளையும் தம் வாழ்க்கையிலே நடத்திக் காட்டிய பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடி, இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர், சைவ நூற் பயிற்சியாளர் என்றெல்லாம் அன்னாரை நாம் அறிவோம். ஆயின் பதுளை, பசறை, ஆலிஎல, ஹப்புத்தளை, பண்டாரவளை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய ஊவா மலைப்புறங்களிலே தேயிலை கொய்து வாழும் மக்களுக்கு அவர் செய்த பேருதவியை நம்மிற் பலர் மறந்துவிட்டனர். அதனை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். குமாரசுவாமி, இராமநாதன் என்னும் இருவர் இவருக்கு மூத்தோர். புகழ்பெற்ற சேர் முத்துக்குமாரசுவாமி இவருடைய தாய்மாமன். கலைப்புலவர் ஆனந்த குமாரசுவாமி அம்மாமனின் மைந்தர். கொழும்பில் அன்று குவீன்ஸ் அக்கடமி என்று வழங்கிய கல்லூரியிற் கற்றுப் பரிசில்கள் பெற்ற அருணாசலம், 1870இல் அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கணிதமும் பண்டை ஐரோப்பிய இலக்கியமும் பயின்றதுடன், எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் அறிஞரின் நட்பையும் பெற்றார்.

இந்நட்பு நம் பொருளுக்கு இன்றியமையாதது. கார்ப்பென்டர், தொழிலாளர் பக்கம் நின்று சமூக சீர்திருத்தம் விழைந்தவர். 1890இல் இலங்கைக்கு வந்து நண்பரைக் கண்டு அளவளாவித் தம் பிரயாண அநுபவங்களை நூலாக்கினார். 1905இல் சிறை, பொலிஸ், தண்டனை ஆகிய மூன்றையும் ஆராய்ந்து தனி நூலொன்றும் வெளியிட்டார். இருவருக்கும் இடையே கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. அருணாசலம் எழுதிய கடிதங்களை, அவர் மறைந்தபின் 1927இல் கார்ப்பென்டர் நூலாக வெளிப்படுத்தினார். தண்டனையால் மட்டும் மனிதன் திருந்துவானா என்னும் வினா இவ்விரு நண்பரின் காலத்தையும் அலைத்த வினாவாகும்.

நீதிபதி அருணாசலம்

1875இல் அருணாசலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி அச்சேவையில் அமர்ந்த முதல் இலங்கையர் இவரே. அதன்பின் பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார். அவர் எழுதிய தீர்ப்புக்கள் தெளிவும் சட்டநுட்பமும் வாய்ந்தவை. பிரதம நீதியரசராக இருந்த சேர் ஜோன் பட் பியர் அவற்றைப் பெரிதும் மதித்தார்.

நீதவான் ஆசனம் என்பது மனிதரின் பலவீனங்களை நாள்தோறும் காணும் இடம். குடித்துக் கலகம் விளைத்தவன், அயலானை அடித்தவன், கோழி திருடியவன், மனைவியைத் துன்புறுத்தியவன் என்று வரிசையாக வந்து நிற்பர். அவ்வாசனத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்தவர், மக்களின் குற்றங்களை அறியாது இரக்கம் பேசினார் என்று எவரும் சொல்ல இயலாது. பிற்காலத்தில் அவர் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசியபோது அப்பேச்சுக்குக் கனம் உண்டானது இதனாலேயாம்.

1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், மூத்த அதிகாரிகள் பலரைத் தாண்டி இவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். அதே தேசாதிபதியின் ஆட்சியிலேதான், அதற்கு முந்திய ஆண்டாகிய 1886இல், பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா தனி மாகாணமாயிற்று. பதிவாளர் நாயகத்தின் கையில் பிறப்பு, இறப்பு, விவாகம், காணி ஆகியவற்றின் ஏடுகள் இருந்தன. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் இவர் பொறுப்பில் நிகழ்ந்தது. அவ்வாண்டு இலங்கையின் சனத்தொகை 35,65,954. அவருள் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் தோட்டங்களில் வாழ்ந்தனர். எண்ணிக்கையாக ஏட்டில் எழுதப்பட்ட அவ்வுயிர்களின் நிலை யாது என்பதை அருணாசலம் நன்கு அறிந்திருந்தார்.

ஊவாத் தோட்டங்களின் நிலை

அந்நிலையை நாம் சிறிது விரித்துப் பார்த்தல் வேண்டும். ஊவா மலைகளில் முதலிற் கோப்பி செழித்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையில் ஒரு துரு நோய் தோன்றிற்று. அஃது இலங்கை முழுவதும் பரவிக் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியும் உழைத்த மக்களின் வாழ்வு மாறவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மாத்தளை வந்தோருள், ஊவாவுக்கு விதிக்கப்பட்டோர் அதற்கப்பாலும் மலையேறி நெடுந்தூரம் செல்லவேண்டியவராயினர். இரயில் பாதை 1890களில் ஹப்புத்தளையையும் பண்டாரவளையையும் எட்டிற்று. பதுளைக்கு 1924இலேதான் வந்தது.

வந்தவர் கடனோடு வந்தனர். வழிச்செலவும் முன்பணமும் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், இன்ன தொகை கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுவே துண்டு எனப்பட்டது. கடனும் துண்டும் சேர்ந்து மனிதரைக் கைமாறும் பொருளாக்கின. லயத்து அறை ஒன்றில் ஒரு குடும்பம். சிலவேளை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். விடியலில் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் அணிவகுத்து நிற்றல் வேண்டும். மாலையிற் களைத்து வந்தவனுக்குப் பொழுதுபோக்கு என ஒன்றிருந்ததாயின் அது கள்ளும் சாராயமுமே. நெருக்கமும் கடனும் மதுவும் கூடிய இடத்தில் சண்டையும் சச்சரவும் பிறத்தல் வியப்பன்று.

இவற்றைத் தீர்க்க அன்றிருந்த வழிகள் யாவை? கிராமத்தாருக்கு ஒரு வழியும் தோட்டத்தாருக்கு வேறொரு வழியும் இருந்தன. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், பழைய கம்சபா முறையை உயிர்ப்பித்துக் கிராமச் சங்கங்களையும் கிராம நீதிமன்றங்களையும் ஏற்படுத்திற்று. ஊவாக் கிராமம் ஒன்றில் மாடு பயிரை மேய்ந்தாலும், இருவர் கைகலந்தாலும், பெரும்பாலும் ஊருக்கு அண்மையிலேயே, ஊர் வழக்கம் அறிந்தோர் முன்னிலையில் வழக்குத் தீர்ந்தது. தண்டமும் சிறிது, சமாதானம் செய்து வைப்பதே முதல் நோக்கம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவருக்குத் தம்முள் ஒரு சபை கூட்டித் தீர்க்கும் உரிமையைச் சட்டம் அளிக்கவில்லை. சில்லறைச் சச்சரவுகளைக் கங்காணி தீர்த்து வைப்பார். அவர் தாமே கடன் கொடுத்தவராகவும் இருப்பார். அதற்கு மேல் துரை. அதற்கும் மேல் நீதிமன்றம். அந்நீதிமன்றத்தின் கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம் இருந்தது.

அச்சட்டம் எவற்றைக் குற்றம் என்றது என்பதை நோக்குக. மது மயக்கம், கட்டளையை வேண்டுமென்றே மீறல், மரியாதைக் குறைவான பேச்சு, வேலையிற் பெருங் கவனக்குறைவு, வேலைக்கு வாராமை, பிற துர்நடத்தைகள், முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் ஆகிய யாவும் குற்றங்களாம். தண்டனை, கூலி இழப்பு முதல் மூன்று மாதச் சிறைவாசம் வரை. தொழிலாளியும் துரைமேல் முறையிட வழியிருந்தது என்பது உண்மையே. ஆயின் எழுத்தறியாதவனும் கடன்பட்டவனுமாகிய ஒருவன், வேலையை விட்டுவிட்டு மலையிறங்கிப் பல மைல் நடந்து பதுளை நீதிமன்றத்தை அடைந்து வழக்குரைப்பது எங்ஙனம்? அவ்வாறு நடந்து போதல்தானே வேலைக்கு வாராமை என்னும் குற்றமாகிவிடும்!

இதிலே உள்ள பெரும் பிழை யாதெனின், ஒழுங்கு என்னும் சொல்லே திரிபடைந்ததாகும். அயலவனுக்குத் தீங்கு செய்தல் ஒன்று. முதலாளிக்கு வருவாய் குறையச் செய்தல் மற்றொன்று. முன்னையது சமூகத்திற்கு எதிரான செயல். பின்னையது ஒப்பந்தத் தவறு. நகரத்து வணிகர் இருவரிடையே நிகழ்ந்தால் சிவில் வழக்கோடு முடியும். தோட்டத்திலே இவ்விரண்டும் ஒரே கூண்டில் ஏற்றப்பட்டன. குடித்துப் பிறரை அடித்தவனும், சுகமில்லாமல் வேலைக்குப் போகாதவனும் ஒரே சிறைக்குச் சென்றனர். அங்ஙனம் சென்று மீண்டவனுக்குச் சிறை மேல் அச்சமும் இல்லை. சட்டத்தின் மேல் மதிப்பும் இல்லை.

ஓய்வு கொள்ளாத ஓய்வுக்காலம்

1913இல் அருணாசலம் அரச சேவையினின்று ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் அவ்வாண்டே கிடைத்தது. சட்டநிரூபண சபையிலும் நிர்வாக சபையிலும் இருந்து பழகியவர். அறுபது வயதை எட்டியவர். மெய்ஞ்ஞான நூல்களை ஓதிக்கொண்டு அமைதியாக இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. 1915ஆம் ஆண்டு சனவரியில் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவினார். ஏழைகளின் கல்வி, வைத்திய உதவி, கைத்தொழிற் பயிற்சி, கூட்டுறவு ஆகியவை அக்கழகத்தின் பணிகள். கொழும்பின் நெருக்கமான குடியிருப்புக்களில் வாழ்ந்தோரிடம் கல்வி கற்ற இளைஞரை அனுப்பி, அவர்தம் குறைகளை நேரிற் காணச் செய்தார். குடியும் சூதும் நிறைந்த சேரிக்குப் பொலிசாரை மட்டும் அனுப்பிப் பழகிய நாட்டிலே, ஆசிரியரையும் வைத்தியரையும் அனுப்பியது ஒரு புதுநெறி எனலாம்.

அந்நெறியையே தோட்டங்களுக்கும் விரித்தார். தொழில் தவறுக்குச் சிறை என்னும் சட்டத்தை எதிர்த்து அரசாங்கத்துக்கு முறையீடுகள் எழுதினார். பெண்களும் சிறுவரும் அதனாற் படும் துன்பத்தை எடுத்துரைத்தார். 1919ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் தோன்றிற்று. அருணாசலம் அதன் தலைவர். மலையகத்திற் பிறந்து கேம்பிரிட்ஜ் சென்று கற்றுவந்த பெரி சுந்தரம் அதன் செயலாளர். அதே ஆண்டு டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்து, அருணாசலத்தையே முதல் தலைவராகக் கொண்டது. நாட்டு உரிமை கேட்கும் சபைக்குத் தலைமை தாங்கியவர், அதே வேளையில் லயத்து மனிதனின் உரிமையையும் கேட்டார். ஒன்றைப் பிடித்து மற்றொன்றை நழுவவிடவில்லை. காங்கிரஸில் இருந்த செல்வருட் பலர் தாமும் தோட்ட உடைமையாளர் என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

இப்போராட்டத்தில் அவர் தனித்து நின்றாரல்லர். மார்ஜோரிபாங்க்ஸ், மரைக்காயர் என்னும் இருவர் சென்னை அரசாங்கத்தின் பொருட்டு இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து, இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1917இல் அறிக்கை வெளியிட்டனர். இந்தியாவிலே பொதுமக்கள் எதிர்ப்பும் வளர்ந்தது. ஆள்வரவு தடைப்படுமோ என்னும் அச்சம் தோட்டக்காரருக்கு உண்டாயிற்று. இவை யாவும் கூடியமையால், 1921இல் துண்டு முறையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. தொழில் தவறுக்குச் சிறை என்னும் விதிகளும் அக்காலத்தை ஒட்டி நீங்கின. இந்தியா 1922இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது; 1927இல் இலங்கையிற் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

சிறை நீங்கினால் தோட்டங்களில் ஒழுங்கு அழிந்துபோம் என்று அஞ்சியோர் உளர். அவ்வாறு அழியவில்லை. தேயிலை அதற்குப் பின்னரும் வளர்ந்தது. பிரட்டுக்களத்திற்கு ஆள் வந்தே தீர்ந்தது. சிறைச் சட்டம் காத்தது ஒழுங்கை அன்று, கடனையே என்பது அப்போது வெளிப்பட்டது.

இறுதி நாட்கள்

மேல் மாகாணத் தமிழர் பிரதிநிதித்துவம் பற்றி எழுந்த பிணக்கால் அருணாசலம் காங்கிரஸை விட்டு விலக நேர்ந்தது. அவ்வரலாறு நீண்டது, இங்கு வேண்டுவதன்று. திருவாசகப் பகுதிகளையும் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்த அவர் உள்ளம், தல யாத்திரையை நாடிற்று. தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் சென்றவர், 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மதுரையிலே இறைவன் திருவடியை அடைந்தார். பேராதனையில் உள்ள மாணவர் விடுதி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் தொடங்கிய பணியைப் பிறர் கைக்கொண்டனர். பெரி சுந்தரம் 1931இல் நாட்டின் முதல் தொழில் அமைச்சரானார், அவ்வாண்டே கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் கண்டார். 1940இல் ஊவாவில் வேலைநிறுத்தங்கள் எழுந்தபோது, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தம்முள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்து தோட்ட விடயங்களை நடத்தத் துரையும் இணங்கினார். முடிவில் அவ்வேலைநிறுத்தம் பொலிஸ் வலிமையால் ஒடுக்கப்பட்டது. எனினும், லயத்து மக்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்த வல்லவர் என்பதற்கு அது சான்றாக நிற்கின்றது.

நமக்கு உரிய பாடம்

இன்று ஊவாத் தோட்டங்களில் பழைய துரையும் இல்லை, துண்டும் இல்லை. ஆயின் கசிப்பு உண்டு. இளைஞரைக் கெடுக்கும் போதைப் பொருள் உண்டு. குடித்து வந்து இல்லாளை அடிப்போரும் உளர். இவற்றைத் தடுக்க வேண்டும் என்பதில் இருகருத்து இல்லை. எவ்வாறு தடுப்பது என்பதே வினா.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த இம்மக்கள், நெடுங்காலம் வாக்கின்றி இருந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்குறை பெரிதும் தீர்ந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டமையால் தடை நீங்கிற்று. ஆகவே வாசிகசாலை, விளையாட்டிடம், தெருவிளக்கு, பாதை ஆகியவற்றைத் தோட்டத்திற்கும் அமைத்தல் இன்று உள்ளூராட்சியின் அதிகாரத்துள் அடங்கும். இருள் மண்டிய பாதையும், மாலையில் இளைஞர் கூட ஓரிடமின்மையும் தீயொழுக்கத்திற்குத் துணையாவன. விளக்கிடுதலும் நூல் நிலையம் திறத்தலும் குற்றத் தடுப்பே ஆகும்.

அண்டை வீட்டார் சண்டை, சிறுகடன், சொற்பூசல் ஆகியவற்றிற்கு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் உள்ளன. அன்று கிராமத்தானுக்கு மட்டும் எட்டிய சமாதான வழி, இன்று தோட்டத்தானுக்கும் திறந்திருக்கின்றது. தமிழறிந்த நல்லோர் அச்சபைகளிற் சேர்ந்து பணியாற்ற முன்வருதல் வேண்டும். தோட்டத் தலைவர், கோவில் குழுவினர், மாதர் சங்கத்தார், பாடசாலை ஆசிரியர் ஆகியோர் ஒன்றுகூடினால், திருவிழாக் காலத்திற் சாராயம் புகாமற் காப்பது அரிய செயலன்று. கசிப்புக் காய்ச்சுவோனையும், போதைப் பொருள் விற்போனையும், பெண்ணை அடிப்போனையும் சட்டத்திடம் ஒப்புவித்தே ஆதல் வேண்டும். அங்கே சமாதானம் பேசுதல், அடிபட்டவளுக்குச் செய்யும் அநீதியாகும். குடிக்கு அடிமையானவனையோ வைத்தியத்திற்கும், வேலையற்ற இளைஞனைத் தொழிற் பயிற்சிக்கும் அனுப்புதல் வேண்டும். இருவகையினரையும் ஒன்றாகக் கருதி ஒரே கோலால் அடித்தல் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி. வேறுபாடு அறிந்து நடத்தல் அருணாசலத்தின் வழி.

மாணவர்க்கு ஒரு சொல். பெரியாரின் வாழ்க்கையைக் கற்பது பரீட்சைக்காக ஆண்டுகளை மனனம் செய்வதோடு முடிவதன்று. உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர், தம் இனத்தாரும் தம் வகுப்பினரும் கவனியாது விட்ட ஏழையின் பக்கம் நின்று, சட்டப் புத்தகத்தில் இருந்த சில வரிகளை அழிக்கப் பாடுபட்டார்; அவ்வரிகள் அழிந்தமையால் எண்ணற்றோர் சிறைக்கதவைக் காணாது வாழ்ந்தனர். பசறையிலும் மடுல்சீமையிலும் இன்று பள்ளிக்குச் செல்லும் சிறாருட் பலர், அச்சிறைக்கு அஞ்சி வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள். அவர்கள் இப்பெயரை அறிதல் வேண்டும். அறிவித்தல் ஆசிரியராகிய நம் கடன்.